‘தெஹானு’ படித்தவர்களின் கோபமும் கேள்வியும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ என்ற மிகுபுனைவு (ஃபேண்டஸி) வரிசையில் முதல் மூன்று நாவல்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். நாலாவதான ‘தெஹானு’வைப் படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதச் சொல்லியிருந்தேன். நல்ல சூடான கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இந்த ஒரு நாவலுக்கே. முடிவு உள்பட எல்லாவற்றையும் பேசப்போகிறோம். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

ஒரு சின்ன நினைவூட்டல். வரிசையின் நாயகனான மந்திரவாதியின் உண்மைப் பெயர் கெட். அந்த உலகத்தில் உண்மைப் பெயரை எல்லோரிடமும் சொல்ல மாட்டார்கள். ஊரார் அழைப்பது ஸ்பாரோஹாக் என்று. நானும் அப்படியே அழைக்கிறேன். டெனார், இரண்டாவது நாவலில் கல்லறைகளின் பூசாரியாக இருட்டில் வளர்ந்த பெண். ‘தெஹானு’வில் அவர் நடுவயது விதவை, கோன்ட் தீவில் பண்ணை நடத்துகிறார். பெற்றவர்களே அடித்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கி, நெருப்பில் தள்ளிவிட்டுப் போன ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறார். அவளுக்கு வைத்த பெயர் தெர்ரு.

கேள்வி: மூன்று புத்தகமாக நான் கொண்டாடிய ஸ்பாரோஹாக் இதில் ஆடு மேய்க்கிறார். அரசனின் ஆட்கள் தேடி வந்தால் ஒளிந்துகொள்கிறார். எழுத்தாளரே தன் நாயகனை அவமானப்படுத்திவிட்டார் என்று தோன்றுகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா? (பொறியியல் மாணவர், கோவை)

பதில்: தோன்றவில்லை தம்பி. ஆனால் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பேரரசர்களுக்குச் சமமாக நின்ற ஒருவர், ஊர் மருத்துவச்சி மாஸ் அத்தையின் குடிசையில் பதுங்குவதைப் படிக்க யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது நாவலில் என்ன நடந்தது? சாவு உலகத்துக்கும் வாழும் உலகத்துக்கும் நடுவே திறந்துகிடந்த வாசலை அடைக்க, தன்னிடமிருந்த சக்தி அத்தனையையும் செலவழித்துவிடுகிறார். பிறகு கலெஸ்ஸின் என்ற முதிய டிராகன் அவரைச் சுமந்துகொண்டு பறந்துபோகிறது. அதைப் படித்துவிட்டு நாம் கம்பீரமான முடிவு என்று புத்தகத்தை மூடி வைத்தோம். அது வந்தது 1972ல். ‘தெஹானு’ வந்தது 1990ல். நமக்கு நடுவில் 18 வருஷம் ஓடிவிட்டது. அவருக்கோ, டிராகன் முதுகில் ஏறியதற்கும் இறங்கியதற்கும் இடைப்பட்ட நேரம்தான். டெனார் எதிரே வந்து இறங்கும்போது உயிர் மட்டும்தான் மிச்சம்.

சக்தி போனதற்காக அவர் வருந்துவதைவிட, வெட்கப்படுவதுதான் அதிகம். இதைத்தான் பலரும் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், சின்ன வயதிலிருந்து இன்னார் என்று அவரை உலகம் அடையாளம் கண்டது அந்த ஒன்றை வைத்துத்தான். புது அரசனின் முடிசூட்டு விழாவுக்கு வந்து நில்லுங்கள் என்று அழைத்தால் எந்த முகத்தோடு போய் நிற்பார்? ஓய்வுபெற்ற மறுநாள் பழைய அலுவலகத்தின் பக்கமே போகமுடியாமல் தவிக்கும் மனிதர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

ஆடு விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாவலின் தொடக்கத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஏழு வயதுச் சிறுவன். தாயின் சகோதரி ஓர் ஆட்டிடம் ஏதோ சொல்லைச் சொல்லி அழைக்கக் கேட்கிறான். மறுநாள் மேய்ச்சலில் அதே சொல்லைச் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் எல்லாம் அவனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, விலகவே மாட்டேன் என்கின்றன. அவன் வாழ்வின் முதல் மந்திரமே ஆட்டை அழைத்ததுதான். நாலாவது நாவலில் மந்திரம் இல்லாமல், வெறும் கோலோடு மலையில் ஒரு பருவம் முழுக்க ஆடு மேய்க்கிறார். திரும்பி வருகிற இரவில், டெனாரின் வீட்டைத் தாக்க வந்தவர்களை வைக்கோல் வாரும் கவைக்கோலால் எதிர்த்து நிற்கிறார். மந்திரம் இருந்த நாளில் அவர் செய்த எத்தனையோ சாகசங்களைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பயம் இருக்கிறது, கை நடுங்குகிறது, ஆனாலும் முன்னே போகிறார்.

கேள்வி: சமையல், பாத்திரம், ஆட்டுப்பால், துவைக்கிற துணி. பக்கம் பக்கமாக இதுதான். இதற்கு மிகுபுனைவு எதற்கு? பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தால் போதாதா? (வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: நீங்கள் சொல்லும் அந்தப் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். டெனாரின் மகன் ஸ்பார்க் கடலோடியாக இருந்துவிட்டுத் திரும்பி வருகிறான். பண்ணை இனி என்னுடையது என்கிறான். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கச் சொன்னால், அது பொம்பளை வேலை என்கிறான். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மந்திரவாதியாக இருந்தவர் அதே வீட்டில் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவுகிறார். அவருடைய குரு ஓகியன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. டெனார் மகனைப் பார்க்கிறாள், இவனை நான் எப்படி வளர்த்திருக்கிறேன் என்று நினைக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. பெற்ற பிள்ளையிடம் தோற்றுப்போவதைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுதிய இன்னொரு பக்கம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. முதல் மூன்று நாவல்களில் மந்திரவாதிகள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், கப்பலேறிப் போனார்கள். அவர்களுக்கு யார் சமைத்தார்கள், யார் துவைத்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. அந்தப் பெரிய உலகத்தின் அடுப்படி இந்த நாவலில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வேகம் குறைவு என்பது உண்மை. நடுவில் சில அத்தியாயங்கள் இழுக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: தெர்ருவைப் பற்றிய முதல் அத்தியாயத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. எங்கும் மந்திரம் நிறைந்த அந்த உலகத்தில், ஒரு குழந்தையின் தீக்காயத்தை ஆற்ற யாருக்கும் முடியாதா? ஆசிரியர் ஏன் இவ்வளவு கல்நெஞ்சமாக இருக்கிறார்? (பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: டீச்சர், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தப் பகுதி முழுவதையும் ‘தெஹானு’வுக்கு ஒதுக்கினேன்.

நான் எழுத வருவதற்கு முன்னால் ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் செவிலியராக இருந்தேன். பெரும்பாலும் பெண்கள், அப்புறம் குழந்தைகள். தீப்பட்ட பிஞ்சுக் கையில் கட்டு மாற்றும்போது ஒவ்வொரு விரலுக்கும் நடுவே தனித்தனியாகத் துணிச்சுருள் வைத்துச் சுற்ற வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் புண் ஆறும்போது விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். புண் ஆறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினாலும் வேலை முடியாது. தழும்பு சுருங்கிக்கொண்டே போகும். உள்ளங்கை மூடிக்கொள்ளும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். குழந்தை வளரும், தழும்பு கூடவே வளராது. அதனால் அதே பிள்ளைகள் மறுபடி மறுபடி அறுவை சிகிச்சைக்கு வருவார்கள். வார்டுக்குள் யாராவது புது ஆள் நுழைந்தால், முகத்தின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டித் திரும்பிக்கொள்ளும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

லெ குவின் இதையெல்லாம் எங்கே பார்த்தாரோ, அவர் எழுதியதில் ஒரு பொய் இல்லை. தெர்ருவின் ஒரு கை நகம் போல வளைந்து இறுகிவிடுகிறது. ஒரு கண் போய்விடுகிறது. குரல் கரகரத்துக் கிசுகிசுப்பாகத்தான் வருகிறது. ஆட்களைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கிறாள். டெனார் அவளிடம், இனி அவர்கள் உன்னைத் தொடமாட்டார்கள் என்று உறுதி கொடுக்கிறாள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் மறுபடி வந்து அவளைத் தொட்டே விடுகிறான். அன்றோடு குழந்தை அதுவரை ஏறிவந்த படியெல்லாம் சரிந்து விழுந்ததுபோல ஆகிவிடுகிறாள். எங்கள் வார்டிலும் இதே நடந்தது. தீவைத்தவர் ‘பார்க்க வருகிறேன்’ என்று வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

மந்திரத்தால் ஏன் குணமாக்கவில்லை என்கிறீர்கள். குணமாக்கியிருந்தால் நான் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஒரு மந்திரச் சொல்லில் தழும்பு மறைந்திருந்தால், நான் பார்த்த அத்தனை பிள்ளைகளிடமும் ‘உங்களுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்’ என்று சொன்னதாகிவிடும். அந்த உலகத்தில் எல்லாவற்றுக்கும் உண்மைப் பெயர் உண்டு, பெயர் தெரிந்தால் அதன் மேல் அதிகாரம் உண்டு. அப்படிப்பட்ட உலகத்திலும் செய்த கொடுமையைச் செய்யாததாக ஆக்க முடியாது. டெனார் அவளிடம் பேசும் ஓர் இடம் உண்டு: உன் தழும்பு அசிங்கமானதுதான், ஏனென்றால் உனக்குச் செய்யப்பட்டது அசிங்கமான காரியம், பார்க்கிறவர்கள் தழும்பைப் பார்ப்பார்கள், ஆனால் உன்னையும் பார்ப்பார்கள், தழும்பு நீ இல்லை என்கிற பொருளில் சொல்கிறாள். தழும்பே தெரியவில்லை கண்ணு என்று பொய் சொல்லவில்லை. அந்தப் பொய்யை நாங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம், எந்தப் பிள்ளையும் நம்பியதில்லை.

அந்த அத்தியாயத்தைத் தாண்டி வாருங்கள் டீச்சர். கொடுமையை அவர் காட்சியாகக் காட்டவில்லை; அதன் பிறகு ஒரு குழந்தையோடு எப்படி வாழ்வது என்பதைத்தான் காட்டுகிறார்.

கேள்வி: 1990ல் எழுத்தாளருக்குப் பெண்ணியம் வந்துவிட்டது, அதைக் கொண்டுவந்து பழைய உலகத்தில் திணித்துவிட்டார் என்பது என் கருத்து. முதல் மூன்று நாவல்களில் இது இல்லையே? (வழக்கறிஞர், சென்னை)

பதில்: இருக்கிறது ஐயா. 1968ல் வந்த முதல் நாவலின் ஆரம்பப் பக்கங்களிலேயே கோன்ட் தீவின் பழமொழியாக ஒன்று வரும்: பெண்ணின் மந்திரம் பலவீனமானது, பெண்ணின் மந்திரம் பொல்லாதது. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஆண்கள் மட்டும்தான். மந்திரவாதிகளுக்கு மனைவி கிடையாது. இதையெல்லாம் நாம் அன்று ‘அந்த உலகம் அப்படி’ என்று கடந்து போனோம். நாலாவது நாவலில் அந்த உலகத்திலேயே வாழும் ஒரு பெண், ஏன் அப்படி என்று கேட்கிறாள். அவள் கேட்கும் உரிமை உள்ளவள்தான். அவளைப் பூசாரி ஆக்கிப் பெயரைப் பறித்தார்கள். பிறகு உடைந்த மோதிரத்தை ஒன்றுசேர்த்து ஹாவ்னர் நகருக்குக் கொண்டுவந்த வீராங்கனை என்று கொண்டாடினார்கள். கொண்டாட்டம் முடிந்த பிறகு அவளுக்கென்று அங்கே ஒரு வேலையும் வைக்கவில்லை.

உங்கள் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை லெ குவினே மறைக்கவில்லை. 1992ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், வீரக்கதை என்கிற மரபே ஆண்களுக்கானதாக இருந்தது, முதல் மூன்றையும் அந்த மரபுக்குள் நின்றே எழுதினேன் என்ற கருத்தை விரிவாகப் பேசியிருக்கிறார். கட்டிய வீட்டை இடிக்காமல், அதே வீட்டைப் பின்வாசல் வழியாகக் காட்டினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. மூன்றாவது நாவலின் முடிவில் இரண்டு விதமான கதைகள் சொல்லப்படும். முடிசூட்டு விழாவுக்கு ஸ்பாரோஹாக் வந்துவிட்டுப் படகேறிப் போனார் என்று ஒரு கதை. கோன்ட் தீவு மக்கள் சொல்வது வேறு: அரசனே தேடி வந்தான், அவரோ தனியாக மலைக்காட்டுக்குள் நடந்து போய்விட்டார், அவரைத் தேட வேண்டாம் என்று அரசன் சொல்லிவிட்டான். ‘தெஹானு’ அந்த இரண்டாவது கதையின் பக்கம்தான் நிற்கிறது.

கேள்வி: கடைசி அத்தியாயத்தில் திடீரென்று டிராகன் வந்து எல்லா வில்லன்களையும் எரித்துவிடுகிறது. இது ஏமாற்று இல்லையா? (அச்சக உரிமையாளர், மதுரை)

பதில்: ஏமாற்று இல்லை, அவசரம் என்று சொல்வேன்.

நாவலில் விசிறி என்ற பெயர் கொண்ட ஒரு வயதான நெசவாளர் வருகிறார். அவர் வீட்டில் பழங்காலத்து விசிறி ஒன்று இருக்கும், அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். ஒரு பக்கம் அழகழகாக மனிதர்கள். திருப்பினால் மறுபக்கம் டிராகன்கள். அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்வார். அப்போது இரண்டு ஓவியமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, மனிதர்களுக்குச் சிறகு முளைத்ததுபோலவும் டிராகன்கள் மனிதக் கண்ணால் பார்ப்பதுபோலவும் தெரியும். மனிதரும் டிராகனும் ஒரு காலத்தில் ஒரே இனம் என்கிற கதையை டெனார் முன்னமே தெர்ருவுக்குச் சொல்லியிருப்பாள். அதனால் தெர்ரு பாறை முனையில் நின்று ஆதி மொழியில் கலெஸ்ஸினை அழைப்பதும், அது வந்து அவளைத் தெஹானு என்று அழைப்பதும் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. விசிறியில் அன்றே எழுதி வைத்தாயிற்று.

நாவலின் வில்லனான மந்திரவாதி ஆஸ்பென் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். முதல் நாவலில் எதிரி, நாயகனின் சொந்த நிழல். மூன்றாவதில் வரும் காப் சாவுக்குப் பயந்த மனிதன். அவன் மேல் நமக்கு இரக்கமே வரும். ஆஸ்பெனுக்கு அப்படி ஓர் ஆழம் கொடுக்கப்படவில்லை. பெண்களை வெறுக்கிறான், சபிக்கிறான், முடிவில் வந்து டெனாரை நாய் மாதிரி நடத்துகிறான். நடுவில் பெரும்பகுதி ஆளையே காணோம். தெர்ருவுக்குக் கொடுமை செய்தவர்களை அவ்வளவு உண்மையாக எழுதிய கை, இவனை ஏன் இப்படி வெறும் கெட்டவனாக விட்டது என்பது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: மனைவியை இழந்து சில வருடங்கள் ஆன எனக்கு, ஸ்பாரோஹாக்கும் டெனாரும் சேர்வது பிடித்திருந்தது. என் மகனுக்கு அது ‘தேவையில்லாத காதல்’. யார் சொல்வது சரி? (ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் சொல்வதுதான். இரண்டாவது நாவலில் இருட்டுக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வெளியே வந்தவர்கள் இவர்கள். நடுவில் அவளுக்குக் கல்யாணம், பிள்ளைகள், விதவைக் கோலம். அவருக்கு அதிகாரம், தனிமை. மந்திரவாதியாக இருந்தவரை ஒரு பெண்ணோடு வாழ்க்கை அவருக்கு அனுமதிக்கப்படவில்லை. ஞானி என்று பெயர் எடுத்தவருக்குத் தெரியாத ஒன்றை, அந்தக் குளிர்கால இரவில் அவள் கற்றுத்தருகிறாள். லெ குவின் அதை மிகுந்த மரியாதையோடு எழுதியிருக்கிறார். மகன் இன்னும் கொஞ்ச வருஷம் கழித்து மறுபடி படிக்கட்டும்.

கேள்வி: முதல் மூன்றையும் என் 11 வயது மகள் விழுந்து விழுந்து படித்தாள். இதையும் கொடுக்கலாமா? (இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. முதலில் நீங்கள் படியுங்கள். 15, 16 வயதில் கொடுங்கள். கொடுத்துவிட்டு விட்டுவிடாமல் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள், அவள் கேட்கக்கூடிய கேள்விகள் புத்தகத்தோடு நிற்காது.

கேள்வி: ஜப்பான் அனிமேஷன் படத்தில் இந்தக் கதை இருக்கிறதாமே? (மாணவி, சேலம்)

பதில்: கிப்லி நிறுவனத்துக்காக கோரோ மியாசாகி 2006ல் எடுத்த படத்தைச் சொல்கிறீர்கள். முகத்தில் தழும்போடு தெர்ரு வருகிறாள். ஆனால் வரிசையின் பல துண்டுகளை எடுத்துத் தைத்த வேறு கதை அது.

கேள்வி: ‘எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஆனால் அதற்கப்புறமும் புத்தகங்கள் இருக்கின்றன என்கிறார் நண்பர். எந்த வரிசையில் படிப்பது? ‘தெஹானு’வையே நேராகப் படிக்கலாமா? (நூலக உதவியாளர், புதுச்சேரி)

பதில்: நண்பர் சொல்வது சரி. கடைசி என்றுதான் 1990ல் லெ குவின் நினைத்தார். நாவலுக்கு, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் நெபுலா விருதும் கிடைத்தது. ஆனால் 2001ல் இரண்டு புத்தகங்கள் வந்தன: ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ என்ற கதைத் தொகுப்பு, ‘தி அதர் விண்ட்’ என்ற நாவல். கதைத் தொகுப்பை முதலில் படியுங்கள். ரோக் பள்ளி தொடங்கியதில் பெண்களுக்கு இருந்த பங்கு அதில் வரும், ‘தெஹானு’வில் எழுந்த பல கேள்விகளுக்கு அங்கேதான் பதில். அதற்குப் பிறகு ‘தி அதர் விண்ட்’. அதில் தெஹானு வளர்ந்த பெண்ணாக வருகிறாள்.

நேராக ‘தெஹானு’வில் இறங்க வேண்டாம். நேரம் இல்லை என்றால் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டுமாவது முடித்துவிட்டு வாருங்கள். டெனார் எந்த இருட்டிலிருந்து வந்தவள், ஸ்பாரோஹாக் எதை இழந்துவிட்டு வந்தவர் என்பது தெரியாமல் போனால், திருச்சி வாசகர் சொன்னதுபோலத் துணியும் பாத்திரமும்தான் கண்ணில் படும். ஆறு புத்தகங்களையும் சார்லஸ் வெஸ் ஓவியங்களோடு சேர்த்த கனமான தொகுப்பு ஒன்று 2018ல் வந்தது. உங்கள் நூலகத்துக்கு வாங்கும் பட்டியலில் சேர்க்க முடிந்தால் சேருங்கள்.